ஆராய்ச்சியின் நோக்கம்: காட்டுப்பன்றி

சென்னையில் இருக்கும் ஆவணக் காப்பகத்துக்குள் நுழையும் முன்னால் ஒரு படிவம் கொடுப்பார்கள். பெயர், ஊர், படிப்பு என்று கேட்டுக்கொண்டே வந்து, நடுவில் 'ஆராய்ச்சியின் நோக்கம்' என்று ஒரு கட்டம் இருக்கும். கர்ணன் பேனாவைப் பிடித்துக்கொண்டு அந்தக் கட்டத்தையே வெகுநேரம் பார்த்தார். துப்பாக்கி என்று எழுதினால் பிடித்து உட்காரவைத்துவிடுவார்களோ என்று பயம். பொய் எழுதவும் மனசு வரவில்லை. கடைசியில் 'காட்டுப்பன்றி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வாங்கிப் படித்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். விலங்கியல் ஆராய்ச்சியா என்று கேட்டாள். இல்லை, விவசாயம் என்றார் கர்ணன். அதுவும் உண்மைதான். உள்ளே விட்டுவிட்டார்கள். 'சார்' என்று வேறு கூப்பிட்டார்கள்.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர் கர்ணன். சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தலும், மலையடிவாரத்தில் கொஞ்சம் கடலைக்காடும் உண்டு. நாலு வார்த்தை ஏசாமல் யாரிடமும் வேலை வாங்கத் தெரியாது. சென்னைக்கு இதற்கு முன்னால் வந்தது ஒரு கல்யாணத்துக்கும் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கும். அப்பேர்ப்பட்ட மனிதர், எண்பது வருஷத்துக்கு முந்தைய யுத்தகாலத்தில், வடக்கே ஏதோ ஒரு சர்க்கார் தொழிற்சாலையில் என்ன துப்பாக்கி செய்தார்கள், யாருக்குச் செய்தார்கள் என்று தோண்ட வந்து உட்கார்ந்தார் என்றால், அதற்குக் காரணம் சந்தனம்.

அவர் அப்பாவிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. மேலே மலைத்தோட்டத்தை விட்டுக் கிளம்பிப்போன துரையிடமிருந்து வாங்கியது என்று சொல்வார். லைசென்ஸும் எடுத்திருந்தார். அவருக்குப் பிறகு அது கர்ணன் பேருக்கு மாறியது. ஆயுத பூஜைக்கு அரிவாள், மண்வெட்டி, மோட்டார், டிராக்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது போலத் துப்பாக்கிக்கும் வைப்பார்கள். மற்றதெல்லாம் மழையில் நனைந்து, வேலையில் உரசி, கழுவிப் போய்விடும். துப்பாக்கி மட்டும் வேட்டியில் சுற்றிப் பரணில் கிடக்கும். போன வருஷத்துச் சந்தனத்தின் மேல் இந்த வருஷத்துச் சந்தனம். அப்படியே ஏறி ஏறி, விசைக்கு மேலே இருக்கிற இரும்பெல்லாம் பலாப்பழத் தோல் மாதிரி ஆகிவிட்டது.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். கர்ணனும் ஒவ்வொரு தேர்தலுக்கும் தோளில் போட்டுக்கொண்டு போவார். ஏட்டு லைசென்ஸைப் பார்த்து எழுதிக்கொள்வார், சீட்டுக் கட்டி வைப்பார், ஓட்டு எண்ணி முடிந்ததும் திருப்பிக் கொடுப்பார். பூஜை போட்ட பொருளைச் சுரண்டிப் பார்க்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

போன பாராளுமன்றத் தேர்தலுக்குப் புதிதாக ஒரு எஸ்.ஐ. அம்மா வந்திருந்தார். நம்பரைக் கண்ணால் பார்த்துத்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டு, மண்ணெண்ணெயும் துணியும் வாங்கிவரச் சொன்னார். ஒரு டீ குடிக்கிற நேரம் துடைத்தார்கள். சந்தனம் கட்டி கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. அடியில் ஓர் அம்புக்குறி, நாற்பத்து மூன்று என்று வருஷம், பக்கத்தில் ஓர் இங்கிலீஷ் எழுத்தோடு ஒரு நம்பர். லைசென்ஸில் இருந்த நம்பருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அம்புக்குறி ராணுவத்துச் சாமானுக்கு அடிக்கிற முத்திரை என்று வேறு அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. மரியாதையாகத்தான் சொன்னார். தேர்தல் முடிந்தாலும் துப்பாக்கி ஸ்டேஷனிலேயே இருக்கும், தேனி ஆபீஸில் போய்ச் சரிசெய்துகொண்டு வாருங்கள் என்றார்.

பன்றி விரட்டத்தான் லைசென்ஸ். ஆனால் கர்ணனுக்கு மனசு அடித்துக்கொண்டது பன்றிக்காக இல்லை. மாசியில், சிவராத்திரிக்கு மறுநாள், ஊர் அம்மன் பாரி வேட்டைக்குப் போகும். கோயிலிலிருந்து அடிவாரத் தோப்பு வரைக்கும் ஊர்வலம்; தோப்பில் சாமி பன்றி குத்தும். அம்மனுக்கு முன்னால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடப்பது கர்ணன் வீட்டு உரிமை. மாலை, தலைக்குத் துண்டு, தேங்காய் மூடி எல்லாம் முதலில் அவருக்குத்தான். அந்த இடத்தின் மேல் அவருடைய சித்தப்பா மகன் வைகுண்டராஜுக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். மதுரைக்குப் போய் ஏர் கன் ஒன்று வாங்கி, பைக்கில் குறுக்கே வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றுவான். பலூன் சுடுகிற துப்பாக்கி என்று ஊரில் சிரிப்பார்கள். அவன் காதில் போட்டுக்கொள்வதில்லை.

சேதி கேட்டதும் வீடு தேடி வந்து ஆறுதல் சொன்னான்.

"சாமி வெறுங்கையோடயா வேட்டைக்குப் போகும்? நான் இருக்கேன்ணே. நீங்க நிம்மதியா இருங்க."

அந்த ஆறுதலுக்கு அப்புறம்தான் கர்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

தேனி ஆபீஸில் இருந்த அதிகாரி பொறுமைசாலி. சிக்கல் இரண்டு என்றார். லைசென்ஸில் இருக்கிற நம்பர் எங்கிருந்து வந்தது? ராணுவ முத்திரை போட்ட சாமான் உங்கள் வீட்டுப் பரணுக்கு எப்படி வந்தது? கர்ணன் வீட்டுக்கு வந்து லைசென்ஸைக் கட்டிலில் விட்டெறிந்தார். மனைவி மகாலட்சுமி அதை எடுத்துப் படித்தாள். இரண்டாந்தடவை வாய்விட்டுப் படித்தாள்.

"ஏங்க, இது நம்ம மோட்டார் ரூம் கதவுல பெயிண்ட்ல எழுதியிருக்கிற நம்பர்ல?"

போய்ப் பார்த்தார்கள். அதேதான். கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் வாங்கின வருஷமும் துப்பாக்கி லைசென்ஸ் எடுத்த வருஷமும் ஒன்று. நம்பர் என்ன என்று ஆபீஸில் கேட்டிருப்பார்கள். அப்பாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றுதான் இருந்தது, அதைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கிட்டத்தட்ட அறுபது வருஷம் சர்க்கார் ஒரு கரண்ட் கனெக்ஷனுக்குத் துப்பாக்கி லைசென்ஸைப் புதுப்பித்துக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அதிகாரி இதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அப்புறம், சரி, நம்பரைத் திருத்திக்கொள்ளலாம், முத்திரைக்குத்தான் வழி வேண்டும் என்றார். யுத்தகாலத்தில் இந்த முத்திரையை அடித்த வடக்கத்திச் சர்க்கார் தொழிற்சாலையில் பட்டாளத்துக்கு மட்டும் செய்தார்களா, வெளி ஆட்களுக்கும் செய்து கொடுத்தார்களா என்பதற்கு ஒரு காகிதம் கொண்டுவந்தால் போதும் என்றார். தொழிற்சாலைக்கு ஆள் வைத்து இங்கிலீஷில் எழுதிப் போட்டார் கர்ணன். அந்தக் காலத்து உற்பத்திக் கணக்கு எதுவும் எங்களிடம் இப்போது இல்லை, மதராஸ் சர்க்காரோடு நடந்த கடிதப் போக்குவரத்து சென்னையில் கிடந்தாலும் கிடக்கும் என்று பதில் வந்தது.

இப்படித்தான் மார்கழிக் குளிரில், திராட்சைக் கொடியை வெட்டிக் கவாத்துப் பார்க்க வேண்டிய நேரத்தில், சொந்தக்காரர் வீட்டு மாடியில் படுக்கையைப் போட்டுவிட்டுக் கர்ணன் காப்பகத்தில் போய் உட்கார்ந்தார்.

முதல் காகிதக் கட்டை மேஜையில் கொண்டுவந்து வைத்தார்கள். நாடாவை அவிழ்த்ததும் நாலு தும்மல். காகிதமெல்லாம் தொட்டால் அப்பளமாக நொறுங்கியது. அத்தனையும் இங்கிலீஷ். கர்ணன் இரண்டு பக்கம் புரட்டினார், தலைகீழாக வைத்திருக்கிறோமோ என்று சந்தேகப்பட்டுத் திருப்பி வைத்தார்.

"ஆத்தாடி, இதுல எங்கன போய்த் தேட" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

பக்கத்து மேஜையில் இருந்த பெண் திரும்பினாள். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை.

"அண்ணே, கம்பம் பக்கமா நீங்க?"

"எப்படிக் கண்டுபிடிச்சீக?"

"எங்கனன்னு கேட்டீகள்ல. இந்த ஊர்ல அப்படி யாரு கேக்குறாக?"

அவள் பெயர் ஜெசிந்தா. சொந்த ஊர் ராயப்பன்பட்டி, சென்னையில் ஒரு காலேஜில் சரித்திரம் நடத்துகிறாள். யுத்தகாலத்து அரிசி ரேஷன் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்திருந்தாள். கர்ணன் தன் கதையைச் சொன்னார். மோட்டார் நம்பர் வந்த இடத்தில் அவள் சிரிப்பை அடக்க வெளியே எழுந்து போக வேண்டியதாயிற்று. திரும்பி வந்து, நான் படித்துச் சொல்கிறேன் என்றாள். மறுநாளிலிருந்து கர்ணன் இரண்டு டப்பாச் சோறு கொண்டுவந்தார்.

போகப்போக ஒரு சங்கதி பிடிபட்டது. அந்தத் தொழிற்சாலையில் மாதம் எத்தனை துப்பாக்கி செய்தார்கள் என்ற கணக்கு ஒரு கட்டிலும் இல்லை. ஒழுங்காக நடந்த வேலைக்கெல்லாம் காகிதம் அழிந்துபோயிருந்தது. தகராறு நடந்த இடத்துக்கு மட்டும் கட்டுக்கட்டாக இருந்தது. கேன்டீன் டீயில் தண்ணீர் ஜாஸ்தி என்று மனு. துப்பாக்கிக் கட்டைக்கு வந்த மரத்தில் பூச்சி விழுந்தது என்று புகார். கூரையில் குரங்கு ஏறி ஓடு உடைக்கிறது, பட்டாளத்துத் தோட்டாவைக் குரங்குக்குச் செலவழிக்கலாமா கூடாதா என்று எட்டுக் கடிதம். ஃபோர்மேன் ஒருத்தரின் சைக்கிளை மேலதிகாரி எடுத்துப்போய் வளைத்துக் கொண்டுவந்துவிட்டார் என்று ஒரு வழக்கு, அது மட்டுமே ஒரு விரற்கடை தடிமன்.

கர்ணனுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. காகிதம் என்றாலே பட்டா, சிட்டா, அடங்கல் என்றுதான் அவருக்குத் தெரியும். இதில் பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி ஆள்கள் இருந்தார்கள். ஃபோர்மேன் பக்கம் சேர்ந்துகொண்டார். மேலதிகாரியின் பெயர் வந்தாலே பல்லைக் கடித்தார். உற்பத்திக் கணக்கு இல்லாவிட்டால் என்ன, டீக் கணக்கு இருக்கிறதே என்று அதிலிருந்து ஒரு கணக்குப் போட்டார். பழம் பறிக்கிற ஆட்களுக்கு எத்தனை டீக்கு எத்தனை பெட்டி என்பது அவருக்குப் பழக்கமான கணக்கு. அதன்படி போட்டதில், மொத்த யுத்தத்துக்கும் அந்தத் தொழிற்சாலை பதினேழு துப்பாக்கிதான் செய்திருக்க முடியும் என்று வந்தது.

"இம்புட்டு டீயக் குடிச்சிட்டு எப்பத்தான் வேலை பாத்தாக?" என்று அவர் கேட்டது ஹால் முழுக்கக் கேட்டது. காவலர் வந்து உதட்டில் விரலை வைத்துவிட்டுப் போனார்.

ஊரிலிருந்து மகாலட்சுமி தினமும் போன் போட்டாள். கவாத்துக்கு ஆள் வந்து நிற்கிறது, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள். நாற்பத்து மூன்று முடியட்டும், நாற்பத்து நாலு தொடங்கினதும் வந்துவிடுகிறேன் என்றார். சென்னை வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று அவள் தன் அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள், மார்கழி மாதம் என்பதைக்கூட யோசிக்காமல்.

ஒரு வியாழக்கிழமை ஜெசிந்தா ஒரு கடிதத்தைப் படிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். அப்புறம் தனக்குள் வேகமாகப் படித்து முடித்தாள். அவளுடைய தோள் குலுங்கியது. கர்ணன் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

கடிதம் கர்ணன் ஊர் மலைமேல் இருந்த ஒரு தோட்டத்து மானேஜர் தொழிற்சாலைக்கு எழுதியது. நீங்கள் அனுப்பிய துப்பாக்கிகளோடு என் காவல்காரர்கள் காட்டில் நிற்கிறார்கள்; போன வாரம் கரடி வந்தது; காவல்காரன் குறிபார்த்து விசையை இழுத்தான்; ஒன்றும் நடக்கவில்லை; கரடிதான் கடைசியில் சலித்துப்போய்த் திரும்பிப் போனது; இது என்ன லட்சணம் என்று கேட்டிருந்தார். தொழிற்சாலையின் பதிலும் கூடவே இருந்தது. நல்ல துப்பாக்கி அத்தனையும் யுத்தத்துக்குப் போகிறது. நாற்பத்து மூன்றில் இந்த எழுத்துப் போட்டு வருகிறவை, தேறாமல் ஒதுக்கின குழலை எடுத்து ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி அடைத்து, அணிவகுப்புப் பழகுவதற்காக மட்டும் செய்தவை. தோளில் வைக்கலாம், இறக்கலாம், விறைப்பாக நிற்கலாம். தயவுசெய்து கரடிக்கு நேரே நீட்ட வேண்டாம்.

கர்ணன் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். எழுத்து அதே எழுத்து. வருஷம் அதே வருஷம்.

"நல்ல சேதிதானேண்ணே" என்றாள் ஜெசிந்தா. "இது ஆயுதமே இல்ல. இதுக்கு லைசென்ஸே வேண்டாம். கேஸும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"நல்ல சேதிதான் டீச்சர். ஊருக்குள்ள சொல்ற மாதிரி இல்ல, அம்புட்டுத்தான்."

முத்திரை போட்ட நகல் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தார். காகிதத்தைக் காட்டாவிட்டால் துப்பாக்கி போய்விடும், மாசியில் வைகுண்டராஜ் முன்னால் நடப்பான். காட்டினால் துப்பாக்கி வந்துவிடும், அது வெறும் கட்டை என்று ஊருக்குத் தெரிந்துவிடும். பந்தலுக்குக் கீழே இரண்டு நாள் நடந்து யோசித்தார். கவாத்துக்கு வந்த ஆட்களை ஒரு வார்த்தை ஏசவில்லை. அவர்கள் பயந்துபோய் மகாலட்சுமியிடம் வந்து விசாரித்தார்கள்.

அக்கா மொக்கம்மாளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவே இல்லை.

"அது வெடிக்காதுன்னு எனக்குத் தெரியும்லே."

"தெரியுமா? பன்னிக்குச் சுடுவாரே அப்பா. சத்தம் மலை வரைக்கும் கேக்குமே."

"அவரு நீட்டுவாரு. நான் பின்னால வாய்க்காலுக்குள்ள உக்காந்து வெடியைக் கொளுத்திப் போடுவேன். ஒருதரம் திரி சீக்கிரம் பத்திக்கிச்சு. நீட்டுறதுக்கு முந்தியே வெடிச்சிருச்சு. அப்பவும் பன்னி ஓடிப்போச்சு."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீதான் அதைத் தொடவே பயப்படுவியே. ஒங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது?"

அது நிஜம். ஒவ்வொரு மாசியிலும் கூட்டத்துக்கு நடுவே துப்பாக்கியைத் தூக்கி நடக்கும்போது, கைதவறி வெடித்து எவன் தலையாவது போய்விடுமோ என்று கர்ணனுக்கு உள்ளங்கை வேர்த்து ஊற்றும். கண் குழல் முனையை விட்டு அகலாது. தோப்புக்குப் போய் இறக்கி வைத்தால்தான் மூச்சு வரும். இதை மகாலட்சுமிக்குக்கூட அவர் சொன்னதில்லை.

மறுநாள் தேனிக்குப் போய்க் காகிதத்தைக் கொடுத்தார். அதிகாரி படித்துவிட்டு, ஸ்டேஷனில் சோதித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கும்படி எழுதிக் கொடுத்தார். ஸ்டேஷனில் அன்றைக்கென்று கூட்டம். வரப்புத் தகராறு ஒன்றுக்கு இரண்டு தரப்பும் ஊரோடு திரண்டு வந்திருந்தது. ஏட்டு சுருளியாண்டி துப்பாக்கியை வாசலில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கை உருவிக் குழலுக்குள் விட்டார். ஒரு சாண் போய் முட்டி நின்றது. குடைந்து பார்த்தார், நகரவில்லை. ஈர்க்கை வெளியே எடுத்து நுனியைப் பார்த்தார்.

"என்னண்ணே, உள்ள அடைச்சிருக்கு?"

"ஈயம்" என்றார் கர்ணன்.

"இதையா இம்புட்டுக் காலமும் பூட்டிப் பூட்டி வச்சோம்?" என்றார் ஏட்டு. வரப்புத் தகராறுக்காரர்கள் தங்கள் தகராறை மறந்துவிட்டுச் சுற்றி நின்று கேட்டார்கள். கர்ணன் துப்பாக்கியோடு பஸ் பிடித்து ஊர் வந்து சேருவதற்குள் சேதி வந்து சேர்ந்திருந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து, துக்க வீட்டுக்காரருக்கு விடுவது போல அவருக்குப் பெஞ்சில் இடம் விட்டார்கள். அதுதான் ரொம்ப மோசமாக இருந்தது.

சிவராத்திரிக்கு முந்தைய வாரம் கோயிலில் கூட்டம் போட்டார்கள். வைகுண்டராஜ் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். அண்ணன் மேல் தனக்கு எந்த வருத்தமும் இல்லை என்று ஆரம்பித்தான். சாமி வேட்டைக்குப் போகிறது. முன்னால் போகிறது வேட்டைத் துப்பாக்கியாக இருக்க வேண்டாமா. விறகுக்கட்டையைத் தூக்கிப்போனால் பக்கத்து ஊர்க்காரன் சிரிக்க மாட்டானா. தன்னிடம் இருப்பது சின்னதுதான் என்றாலும் சுட்டால் சுடும் என்று முடித்தான். நாலு பேர் தலையாட்டினார்கள். கர்ணன் தூணில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும் என்று அவருக்குத் தெரியும், இடமோ கோயில்.

பூசாரி குருசாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஏப்பா வைகுண்டராஜு, தோப்புக்குப் போயி சாமி எதைக் குத்துது?"

"பன்னியை."

"பன்னியையா?"

வைகுண்டராஜ் கொஞ்சம் தயங்கினான். "பூசணிக்காயை."

"கண்ணு, காது, வாலு எல்லாம் கரியில வரையிறது யாரு?"

"நீங்கதான்."

"பூசணிக்காயைப் பன்னின்னு சாமியே ஒத்துக்கிட்டு வருசாவருசம் வந்து குத்திட்டுப் போகுது. இதைத் துப்பாக்கின்னு ஒத்துக்கிறதுக்கு ஒனக்கு எங்க வலிக்குது?"

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். நிஜமாகச் சுடுகிற எதையும் ஜனத்துக்கு நடுவில் கொண்டுவரக் கூடாது, பூசணிக்காய் ரத்தம் சிந்தாத மாதிரி துப்பாக்கியும் சத்தம் போடாமல் இருப்பதுதான் முறை என்று, முறையை அங்கேயே உண்டாக்கி அங்கேயே முடித்தும் வைத்தார் குருசாமி. வைகுண்டராஜ் மனசு கோணக் கூடாது என்று, இந்த வருஷத்திலிருந்து பன்றியைத் தூக்கி வரும் மரியாதை அவனுக்கு என்றும் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல முடியாதபடி ஒரு மாலையும் உண்டு என்றார்.

பாரி வேட்டை அன்று சாயங்காலம் கொட்டு முழங்கியதும் கர்ணன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்தார். மகாலட்சுமி புதுச் சந்தனம் வைத்திருந்தாள், நம்பரை விட்டுத் தள்ளி. பின்னால் வைகுண்டராஜ், கண்ணும் வாலும் வரைந்த பூசணிக்காயை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி நடந்தான். நல்ல கனமான காயாகப் பார்த்துத்தான் பூசாரி எடுத்திருந்தார்.

உள்ளங்கை வேர்க்கவில்லை. கர்ணனுக்கு அது விசித்திரமாக இருந்தது. முனையைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாததால் கண்ணுக்கு வேலை இல்லாமல் போய், தெருவைப் பார்த்தார். இத்தனை பேரா வருகிறார்கள், ஜோடனை விளக்கு இத்தனை தூரமா போட்டிருக்கிறார்கள் என்று இருந்தது. நடந்துகொண்டே ஒரு தடவை திரும்பி அம்மன் முகத்தைப் பார்த்தார். முன்னால் போகிறவருக்கு அது இத்தனை வருஷம் கிடைக்காமலே போயிருந்தது.

பஸ் ஸ்டாப்புப் பக்கம் திரும்பும்போது இளவட்டக் கூட்டம் ஒன்று ரோட்டை மறித்து நின்றது. அதில் ஒருத்தன், "பாத்து மாமா, வெடிச்சிரப் போகுது" என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

கர்ணன் நின்றார். தோளிலிருந்து துப்பாக்கியை இறக்கி, குழலை மெதுவாக அவர்கள் பக்கம் திருப்பினார்.

"வெடிக்கும்லே. தள்ளி நில்லு."

ஈர்க்கு விட்டுப் பார்த்த கதை அத்தனை பேருக்கும் தெரியும். இருந்தும் மொத்தக் கூட்டமும் இரண்டு எட்டுப் பின்னால் போய் வழிவிட்டது. கர்ணன் துப்பாக்கியைத் திரும்பத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.